முருகனை நான்தான் எடுத்தேன்

சரவணா,

காரைத் திறந்ததும் முதலில் உன் கண்ணில் படப்போவது டாஷ்போர்டில் முருகன் இருந்த இடம். பதறாதே. கண்ணாடியை யாரும் உடைக்கவில்லை, திருடனும் வரவில்லை. முருகனை நான்தான் எடுத்தேன். முன் சீட்டு இரண்டிலும் நீ ஆசை ஆசையாக மாட்டியிருந்த சிவப்பு ரெக்சின் உறையையும் நான்தான் உருவினேன். பெல்ட் போடாவிட்டாலும் மணி அடிக்காமல் இருக்க ஒரு பொய்க் கொக்கி செருகி வைத்திருந்தாயே, அதையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாயிற்று. இந்நேரம் உன் மூக்கு நுனி சிவந்திருக்கும். எனக்குத் தெரியாதா, அது என் மூக்குதானே. சிவக்கட்டும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உன் சீட்டில் உட்கார்ந்து இதை முழுக்கப் படி. அதற்கப்புறம் உள்ளே வந்து கத்து.

நேரில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் எத்தனை முறை சொன்னேன்? நான் குரலை உயர்த்துவேன், நீ 'ம்' கொட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வாய், நான் இன்னும் கத்துவேன், நீ 'மீட்டிங் இருக்குது' என்று வைத்துவிடுவாய். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். நேற்று வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பின் சீட்டில் நெருக்கியடிக்க வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் மெதுவாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி வீட்டார் சாயந்திரமே ரயில் ஏறிவிட்டார்கள். நாளை விடிந்ததும் நீ மலரைத் தென்காசிக்கு அவள் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறாய். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் நாள் முழுக்க அந்த முன் சீட்டில் உட்கார்ந்து வரப்போகிறாள். இன்றைக்குச் செய்யாமல் அப்புறம் செய்து என்ன பிரயோசனம்? நீ ஆபீஸ் லேப்டாப்பை ஒப்படைக்க அப்பாவின் பைக்கில் மறைமலை நகர் போயிருக்கிறாய். மலர் உள்ளே தூங்குகிறாள். நான் செய்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளிடம் முகத்தைத் தூக்காதே.

கார் எடுத்த அன்று ஷோரூமிலிருந்து நேராக வல்லக்கோட்டைக்குத்தான் விட்டோம். மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, குருக்கள் கற்பூரம் காட்டினார். நீ பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை நகர்த்தியதும் உங்கப்பா கைதட்டினார். அந்த மனிதர் உன் கல்யாணத்தில்கூடக் கைதட்டவில்லை. கோவில் வாசல் கடையில்தான் அந்தப் பித்தளை முருகனை வாங்கினேன். கடைக்காரர் சின்னதாக, லேசாக ஒன்றை எடுத்துக் காட்டினார். "கார்ல வைக்கிறதுக்கு எல்லாரும் இத்ததான் எடுக்கறாங்கம்மா" என்றார். நான் கேட்பேனா? "புது வண்டிக்கு பிளாஸ்டிக் சாமியா? நல்லா கனமா ஒண்ணு குடுப்பா" என்றேன். கனமாகத்தான் கொடுத்தார். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும்.

நீ நடுவில் வைக்கலாம் என்றாய். நான்தான் பிடிவாதமாக மலர் உட்காரும் பக்கத்தில், அவள் முகத்துக்கு நேரே ஒட்ட வைத்தேன். "அவ எதிர்க்கவே இருக்கட்டும்டா, பாத்துக்கினே வரட்டும்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின வருஷம்தான் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் "இன்னா, மருமக ஏதாவது விசேஷமா?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் புண்ணாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மலரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அந்த மாதிரி மாமியார் நான் இல்லை என்று பீற்றிக்கொள்வேன். ஆனால் சாமியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? அவளுக்குப் புரிந்தது. முந்தானையால் முருகன் முகத்தில் இருந்த தூசியைத் துடைத்தாள். எனக்கு அன்றைக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

உன் அம்மா ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன தைக்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் லைன் கதையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவள் இல்லை. இன்று கேள். சீட்டின் முதுகுப் பக்கம், கதவை ஒட்டிய ஓரத்தில், ஒரு பை மடித்து உள்ளே வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் யாராவது இடித்தால் அந்தப் பை கண் இமைப்பதற்குள் ஊதிக்கொண்டு தையலைக் கிழித்து வெளியே வந்து, ஆளுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும். சீட்டில் இருக்கும் மற்ற தையல் எல்லாம் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்த ஓர் ஓரம் மட்டும், கிழிய வேண்டிய நேரத்தில் கிழிந்தே ஆக வேண்டும். அதற்கு நூல் வேறு, மெஷின் வேறு. நடுவில் நூல் அறுந்தால் மேலே ஓட்டித் தைத்து ஒப்பேற்ற முடியாது, துணியையே தள்ளிவிடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரில் ரவிக்கை தைத்த கை அல்லவா, முடிகிற இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டி நன்றாகக் கெட்டி பண்ணித்தான் நூலை வெட்டுவேன். அந்த ஓரத்திலும் அப்படியே ஓட்டினேன். சூப்பர்வைசர் பையன் ஓடி வந்தான். "யக்கா, இன்னா பண்ணி வச்சிக்கீற? எடு எடு, இத்த ரிஜெக்ட்ல போடு" என்றான். "நல்லா கெட்டியாத்தான தச்சேன், நீ வேணா இழுத்துப் பாரு" என்றேன். "அதான்கா தப்பு. இது பிரியலன்னா உள்ள கீற பை எப்டி வெளிய வரும்? உள்ள உக்காந்துக்கினு கீறவன் பூடுவான்" என்றான். நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். நன்றாகத் தைத்ததற்குத் திட்டு வாங்கினால் யாருக்குத்தான் அழுகை வராது? அந்த ஓரத்தில் ஒரு சின்னத் துணிச்சீட்டும் வைத்துத் தைப்போம். ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். என் பெயருக்கு அடுத்தபடியாக ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த சொல் அதுதான்.

இத்தனையும் தெரிந்த நான் உன் புதுக் காரில் ஏறி என்ன செய்தேன்? அடுத்த வாரமே ஒரு கடையில் நீ சிவப்பு ரெக்சினில் சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டு வந்திருந்தாய். அந்தத் தையலையும் துணிச்சீட்டையும் சேர்த்து மூடி, கீழே கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் தடவிப் பார்த்து "மெத்து மெத்துன்னு கீதுடா" என்றேன். லைனில் நின்றால் ஆபரேட்டர், காரில் ஏறிவிட்டால் மாமியார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்புறம் ஒருநாள் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது படப்பையில் நடந்த அந்த விஷயம். முன்னால் போன ஷேர் ஆட்டோக்காரன் கை காட்டின ஆளைப் பார்த்துவிட்டு நடு ரோட்டில் நிறுத்தினான். நீ பிரேக்கை ஏறி மிதித்தாய். பின் சீட்டில் இருந்த நான் முன் சீட்டில் முட்டிக்கொண்டேன். உங்கப்பா கையில் இருந்த பிரசாதம் எல்லாம் காலடியில். முருகன் கையில் இருந்த வேல் மட்டும் கழன்று போய் மலர் மடியில் விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நினைக்க வேண்டிய நேரம். நானோ, "வேலே மடியில வந்து வுழுந்துச்சு பாரு, இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த மாதமே மலருக்கு நாள் தள்ளிப்போனது. இந்தச் சேதியைத் தெரு முழுக்க, கம்பெனி பஸ் முழுக்க, லைன் முழுக்கச் சொன்னவள் நான்தான். நீ வேலைத் திரும்பச் செருகி, நல்ல பசை வாங்கி இறுக்கமாக ஒட்டினாய். தினமும் வண்டியை எடுக்கும் முன்னால் அவரைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தாய். சாமி கும்பிடச் சொன்னால் சிரித்த பிள்ளை கும்பிடுகிறானே என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அதற்குப் பிறகு கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. கேன்டீன் டிவியில் ஒரு படம் ஓட்டினார்கள். காருக்குள் ஒரு பொம்மை மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். டாஷ்போர்டின் மேல் யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்திருக்கிறார்கள். கார் போய் மோதுகிறது. அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். டாஷ்போர்டின் மேல்பக்கம் மூடி மாதிரித் திறந்துகொள்ள, உள்ளிருந்து வெள்ளைப் பை உப்பிக்கொண்டு வருகிறது. பாட்டிலைக் காணோம். அடுத்த நொடி பார்த்தால் அது பொம்மையின் முகத்தில் இருக்கிறது. லைன் பிள்ளைகள் எல்லாம் பொம்மையின் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எலுமிச்சம்பழச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அது வெறும் பாட்டில்டா. நான் வைத்தது பித்தளை. அதுவும் வேலோடு. பை வருகிற வாசலில் நான் முருகனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன், அதற்கு நேரே ஒரு பிள்ளைத்தாச்சியை உட்கார வைத்திருக்கிறேன்.

சாயந்திரமே உனக்குப் போன் போட்டேன். "அம்மா, நீதானே அங்க ஒட்டச் சொன்ன?" என்றாய். "ஒட்டச் சொன்னவளே சொல்றேன், எடுடா" என்றேன். நீ மெதுவாக, "எடுத்துட்டு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாய். கலைந்துபோன அந்த முதல் குழந்தைக்காக நீ யார் முன்னாலும் அழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனவன் வெகுநேரம் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பயம் உனக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று அந்த ஒரு கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. பயப்படுகிறவனிடம் போய் நான் "முட்டாள், முட்டாள்" என்று கத்தினேன். அப்படிக் கத்தியது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

சின்ன வயதில் நீ எதைத் தொட்டாலும் "சாமி கண்ணக் குத்தும்" என்று மிரட்டி வளர்த்தவள் நான். அதனால் நானே இதையும் சொல்கிறேன். சாமி கண்ணைக் குத்தாது. வல்லக்கோட்டையில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறாரே, அவருக்கு உன் காரில் ஒரு சாண் இடம் கிடைக்காவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? கொடுத்த பிள்ளையை, இடம் மாற்றி வைத்தாய் என்று கோபித்துக்கொண்டு திருப்பி வாங்க அவர் என்ன கந்துவட்டிக்காரரா? மோதுகிற நேரத்தில் காப்பாற்றத்தானே அவரைக் கும்பிடுகிறோம். அந்தப் பை வருவதும் அதற்காகத்தான். அதன் வழியை மறைத்துவிட்டு எதிரிலேயே நின்று கும்பிட்டால், பாவம், அவர்தான் என்ன செய்வார்?

இதை மலர் உன்னிடம் சொல்லமாட்டாள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீ சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவாய் அல்லவா, அப்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் வேப்பமர நிழலில் உன் காரில்தான் உட்கார்ந்திருந்தோம். வண்டியோடு கொடுத்த புத்தகம் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அவள் படித்துத் தமிழில் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். பெல்ட் அவள் கழுத்தை அறுக்கிறது என்று அதை அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்வாளே, அப்புறம் நீ அந்தப் பொய்க் கொக்கியே வாங்கிப் போட்டாயே, அதற்கு வைத்தியம் காரிலேயே இருக்கிறது. பெல்ட் தொங்கும் தூணில் ஒரு குமிழ். அழுத்திக் கீழே இழுத்தால் பெல்ட் இறங்கித் தோளில் பாந்தமாக உட்காருகிறது. மலர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அத்தே, இத்தன நாளா நாந்தான் குட்டைன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்!" என்றாள். கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது, வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல் பட்டை மார்புக்கு நடுவில் வந்து வயிற்றை ஒதுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சீட்டையும் முடிந்த மட்டும் பின்னால் தள்ளிவிடு. பின் சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டுகிறது என்பதால்தான் முன்னால் விடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் உன்னோடு ஒரு சண்டை போட்டிருப்பேன்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்டேன், "ஏம்மா, உனக்கு இன்னா தோணுது? இவர எடுத்துடலாமா?" என்று. அவள் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்தாலும் பயமா இருக்கு அத்தே. இருந்தாலும் பயமா இருக்கு" என்றாள். அப்புறம், "அவிய பிரேக் போடும்போதெல்லாம் நான் வயித்துக்கு முன்னால கைய வச்சுக்கிடுதேன். அவியட்ட சொல்லிராதீங்க, வருத்தப்படுவாவ" என்றாள். சொல்லிவிட்டேன். வருத்தப்படு. நீங்கள் குடியிருக்கும் மறைமலை நகருக்கும் நம் ஊருக்கும் நடுவில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர், எத்தனை லாரி. அத்தனைக்கும் அவள் தன் வெறுங்கையால் பிள்ளையைக் காத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாய்.

நாளைக்கு நீண்ட ரோடு. அதனால் புத்தகத்தில் படித்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன், அலுத்துக்கொள்ளாதே. உங்கப்பா வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பினாரே, சீட்டுத் தலையணையின் கம்பி கண்ணாடியை உடைக்கத்தான் வைத்திருக்கிறது என்று, அது சும்மா. பின்னால் ஒருவன் வந்து இடித்தால் தலை பின்னால் மடங்கிக் கழுத்து போய்விடாமல் தாங்கத்தான் அது. நீ அதை அடி மட்டத்தில் இறக்கி வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறாய். உன்னுடையதை உன் காதுக்கு நேராகத் தூக்கி வை, மலருடையதை நான் சரி பண்ணிவிட்டேன். ஒரகடம் ரோட்டில் லாரிப் புழுதிக்குப் பயந்து, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்துவோமே, காருக்குள் வளைந்த அம்பு போட்டிருக்குமே, அதை அழுத்தியதோடு மறந்துவிடுகிறோம். வெகுநேரம் அதே காற்றைச் சுவாசித்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். புழுதி தாண்டியதும் எடுத்துவிடு. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடு. அப்படியும் இருட்டிவிட்டால், பின்னால் வருகிறவன் லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டாதே. உள் கண்ணாடிக்கு அடியில் நாக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தட்டினால் வெளிச்சம் மங்கிவிடும். சாமான் ஏற்றிய பிறகு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலேயே ஒட்டியிருக்கிறது. காற்றடிக்கிறவன் வாயைப் பார்க்காதே.

பெட்ரோல் பங்கில் நீயும் உங்கப்பாவும் போடும் கூத்து வேறு. ஒவ்வொரு முறையும் மூடி எந்தப் பக்கம் என்று மறந்து தப்பான பக்கம் நிறுத்துவது, இவர் இறங்கிப் போய், "குழாய இன்னும் கொஞ்சம் இழுப்பா, எட்டும்" என்பது, அந்த ஆள், "பெர்சு, வண்டியத் திருப்பிக்கினு வா பெர்சு" என்பது, இவர் "யார்ரா பெர்சு?" என்று எகிறுவது. பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கிறதுடா. அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் மூடி. அதைக் கண்டுபிடித்த அன்று நானும் மலரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்னொன்றும் கண்டுபிடித்தாள். பின் சீட்டின் முதுகும் அடியும் சேரும் மடிப்பில் கையை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படுகிறது. பிள்ளைகளுக்கான சீட்டை மாட்டுவதற்காம். "அத்தே, நம்ம பாப்பாக்கு முன்னாடியே கொக்கி போட்டு வச்சிருக்காவ" என்று என் கையைப் பிடித்து அதில் வைத்தாள். கண் கலங்கியிருந்தாள். பிள்ளையோடு திரும்பி வரும்போது மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காரும் பேச்சே இருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இன்று நீ கிளம்பிப் போனதும்தான் ஆரம்பித்தேன். கத்தி போட்டால் கீறல் விழும் என்று, தைக்கிற நைலான் நூலைப் பீடத்துக்கு அடியில் விட்டு இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் அறுத்தேன். உங்கப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடி, வண்டிய உரிச்சிக்கினு கீற? அவன் வந்து ஆடப்போறான்" என்றார். "ஆடட்டும், நீ வந்து இந்த உறையப் புடி" என்றேன். புலம்பிக்கொண்டே பிடித்தார். முருகன் கையோடு வந்தார். அவர் பீடம் இருந்த இடத்தில், காய்ந்த பசைக்கு அடியில், எழுத்து தெரிந்தது. நான் லைனில் தினமும் தைக்கிற அதே சொல், அச்சு வார்த்த மாதிரி டாஷ்போர்டிலேயே பொறித்திருக்கிறார்கள். எல்லா இடத்தையும் விட்டு, சரியாக அதன் மேலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறேன் பார். அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். "முருகா, கோச்சுக்காத, உன்ன வூட்டுக்குத்தான் இட்டுக்கினு போறேன்" என்று சொல்லி, ஈரத் துணியால் துடைத்து, பூஜை அலமாரியில் வைத்துப் பூப் போட்டு விளக்கேற்றியாயிற்று.

இனி உன் இஷ்டம். அவரைத் திரும்ப வைத்தே தீருவேன் என்றால் நான் வந்து கையைப் பிடிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் எழுத நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவரை மலர் எதிரில் வைக்காதே, உன் ஸ்டியரிங் நடுவில், உன் நெஞ்சுக்கு நேரே ஒட்டிக்கொண்டு ஓட்டு, அங்கேயும் ஒரு பை இருக்கிறது என்று. கோபத்தில் அப்படித்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உன் நெஞ்சில் அந்த வேலை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை சரவணா, நான் பெற்றவள். தென்காசியில் ஒருத்தி இந்நேரம் அறையைக் கழுவிவிட்டு, பாயை வெயிலில் போட்டுவிட்டு, நாளைப் பொழுது எப்போது சாயும் என்று உட்கார்ந்திருப்பாள். மலரை அவள் பெற்றாள்.

காலையில் நீங்கள் கிளம்பும்போது நான் வாசலுக்கு வருவேன், டாஷ்போர்டைப் பார்க்கமாட்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் போடு. முதலில் அவளைப் பேசச் சொல், அவள் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் நீ வாங்கி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னைத் திட்டு.

அம்மா